தொட்டிக்குள் யார் கை விட்டது

போன வாரம் கோயம்புத்தூரில் மீன் தொட்டி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். கடல் தண்ணீர்த் தொட்டி. கல் இடுக்கிலிருந்து ஒரு புழு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. “அண்ணே, ரெண்டு மீனத் தின்னுருச்சு. இதுக்கு என்ன மருந்து ஊத்தலாம்?” என்று கேட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்ப யாரு மேல?” என்றாள். யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தும் ஊற்றாதீர்கள். புழுவைக் கொல்கிற மருந்து இறாலையும் நண்டையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். செத்த புழு கல்லுக்குள் கிடந்து அழுகினால் மிச்சமிருக்கிற மீனும் மறுநாள் மிதக்கும். இன்னொன்று, எல்லாப் புழுவும் எதிரி இல்லை. உடம்பு நெடுக வெள்ளை முடி வைத்துக்கொண்டு, கம்பளிப்பூச்சி மாதிரி தொட்டால் அரிக்கிற சின்னப் புழு தொட்டியில் அழுகிக் கிடப்பதைத் தின்று சுத்தம் செய்கிறது. அதை விட்டுவிடுங்கள். தலையில் ஐந்து கொம்பும், தடித்த உடம்பும், வெளிச்சம் பட்டால் மழைத் தண்ணீரில் டீசல் சிந்தியது போலப் பல நிறமும் காட்டுகிற புழு வேறு ஜாதி. அதுதான் மீனைப் பிடிக்கிறது. அதைக் கையால்தான் பிடிக்க வேண்டும். மருந்து என்ற வார்த்தையையே இந்த வேலையில் நான் மறுபடி கேட்க விரும்பவில்லை.

நான் சின்னமனூர்க்காரன். வெல்டிங் பட்டறையில் இருந்தேன். தேனியில் ஒரு கலர் மீன் கடைக்கு இரும்பு ஸ்டாண்ட் அடிக்கப் போன இடத்தில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். அது 1996. முதல் மூன்று வருஷம் தண்ணீர் சுமந்தேன், கண்ணாடி அறுத்தேன், பசை ஒட்டினேன், செத்த மீனைப் பொறுக்கினேன். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்த் தொட்டி சுத்தம் செய்ய அனுப்பினார். கம்பம், போடி, பெரியகுளம் என்று எந்த பஸ்ஸிலும் குழாயும் வாளியுமாக என்னைப் பார்க்கலாம். கண்டக்டர்கள் ‘மீன்கார அண்ணே’ என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டதும் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு சாண் தள்ளி உட்காருவார்.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான். வெள்ளைச் சட்டை, நாலாக மடித்த கைக்குட்டை, தொட்டியில் கை விடுவதற்கு முன்னும் பின்னும் முழங்கை வரை சோப்பு. கடையில் யாரையும் ‘டேய்’ என்றது கிடையாது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்றும் சொன்னது கிடையாது. மீன் செத்துவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால் அன்றைக்கே போக மாட்டார், ஒரு நாள் ஆறப்போடுவார். போனதும் தொட்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டார். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நலம் விசாரிக்கிற குரலில் கேட்பார்.

“தொட்டிக்குள்ள யாரு கை விட்டா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களுக்கு வேலையே இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கண்ணும் ஒரே ஆள் மேல் போய் நிற்கும். அந்த வீட்டில் எதிர்த்துப் பேச முடியாதவர் யாரோ அவராகத்தான் அது இருக்கும். அல்லிநகரத்தில் ஒரு வீட்டில் கல்யாணமாகி வந்து ஆறு மாதமான மருமகள். நாங்கள் மாட்டிய பழைய மோட்டார் நின்றுபோய் மீன்கள் மூச்சு முட்டிச் செத்திருந்தன. அந்தப் பெண் சாம்பிராணி போட்ட கையோடு தீனி போட்டாள், அதனால்தான் என்று அவள் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி வரும்போது முதலாளி சொன்னார், “தங்கவேலு, நாம ஒண்ணும் சொல்லல, பாத்தேல்ல? அவுகளாத்தான் சொன்னாக.”

அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நானும் அப்படியே கேட்கப் பழகினேன். தங்கவேலு கேட்டால் முதலாளி கேட்ட மாதிரியே இருக்கிறது என்று கடையில் கேலி செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

2007 வாக்கில் கடல் தொட்டி ஆசை எங்கள் பக்கம் வந்தது. உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல். காலையில் அவர் வீட்டு முன்வாசலில் பெஞ்சுகளில் வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர்கள் நிறைந்து கிடப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் எங்கோ பார்த்து ஆசை காட்டியதில், ஹாலில் அஞ்சு அடிக் கடல் தொட்டி வேண்டும் என்றார். மலைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் கடல். உப்பு மூட்டையில் வந்தது, மீன் பிளாஸ்டிக் பையில் வந்தது, கல் பஸ்ஸில் வந்தது.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் தொட்டிக்கு உயிர் கொடுப்பதே அதுதான். பார்க்க வெறும் ஓட்டைக் கல். உள்ளே கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக ஆயிரம் உயிர் குடியிருக்கும். தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்வது அவைதான். ராமநாதபுரம் பக்கத்துக் கடலிலிருந்து, ஈரப் பேப்பரில் சுற்றி, தெர்மகோல் பெட்டியில் வரும். எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்தது என்று எனக்குத் தெரியும். கேட்டால் முதலாளி, “கல்லுதானப்பா” என்பார்.

வந்த கல்லை நேராகத் தொட்டியில் இறக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் உப்புக் கூடுதலாகக் கரைத்த தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கிற நண்டும் புழுவும் தாங்காமல் வெளியே ஓடி வரும். பிறகு தனித் தொட்டியில் மூன்று நாலு வாரம் இருட்டில் போட்டு வைத்து, டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க வேண்டும். இதெல்லாம் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் வக்கீல் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பெட்டி வந்தது வியாழக்கிழமை. “நேரா எறக்கிரு தங்கவேலு, பாத்துக்கலாம்” என்றார் முதலாளி. நான் இறக்கினேன். அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த கல்லைப் போடியிலும் கம்பத்திலும் பெரியகுளத்திலும் இருந்த வேறு மூன்று வீட்டுத் தொட்டிகளில் இறக்கியதும் நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. புழு வளர அத்தனை நாள் ஆகியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு மீனாகக் காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் நீலக் குட்டி மீன்கள். பிறகு வக்கீல் மனைவி பெயர் வைத்துக் கூப்பிட்ட ஆரஞ்சு நிற கிளவுன் மீன் ஜோடியில் ஒன்று. வக்கீல் கடைக்குப் போன் செய்தார். முதலாளியும் நானும் போனோம். காபி வந்ததும், முதலாளி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, நான் முந்திக்கொண்டேன்.

“தொட்டிக்குள்ள யாரு கை விட்டீக?”

“நாங்க யாரும் அத தொடுறதே இல்லப்பா,” என்றார் வக்கீல் மனைவி. “மேரிதான் கண்ணாடி தொடைக்கும்.”

ஆரோக்கியமேரி அந்த வீட்டுச் சமையல்காரம்மா. ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நாற்பது வயது இருக்கும். அவர் வைக்கிற மீன் குழம்புக்கும் ரசத்துக்கும் உத்தமபாளையத்தில் பெயர் உண்டு. விசேஷ வீடுகளில் நாலைந்து பேர் அவரைக் கடன் கேட்பார்கள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் விசாரணை அதிகாரி மாதிரி கேட்டேன், “காலையில எங்கன போயிட்டு வந்தீக?”

“திராட்சத் தோட்டத்துக்குண்ணே. எங்க வீட்டுக்காரரு மருந்தடிக்கப் போனாரு. தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் பஸ்ஸே ஏறுனேன்.”

“மருந்தா?” என்றார் முதலாளி. அவ்வளவுதான் அவர் சொன்னது. மெதுவாக, பாவம் பார்க்கிற மாதிரி. வக்கீல் மனைவி முகம் மாறிவிட்டது.

மேரி விடவில்லை. “அம்மா, நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல. பகல்ல கரண்டு போனப்ப தொட்டிக்குள்ள ஒண்ணு வந்துச்சு. பாம்பு கணக்கா, மினுமினுன்னு. அந்தப் பெரிய கல்லுல இருந்து முழு உடம்பும் வெளிய வராம, தலைய மட்டும் நீட்டி மீன இழுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

முதலாளி சிரித்தார். “கடல்ல இருந்து வர்ற கல்லும்மா. சின்னச் சின்னப் பூச்சி இருக்கத்தான் செய்யும். அது நல்லது.” வக்கீலும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. சிரிக்காமல் இருந்திருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விஷத்தில் செத்த மீன் மிதக்கும். இங்கே ஒரு மீனின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. விஷம் என்றால் முதலில் இறால் சாகும். இறால் ரெண்டும் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்தப் பெரிய கல்லில், பெருவிரல் நுழைகிற ஓட்டை ஒன்றின் வாயில் சளி மாதிரி ஒரு பூச்சு இருந்ததையும் பார்த்தேன். அது பெரிய புழு குடியிருக்கிற அடையாளம் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலையிலேயே மேரியை நிறுத்திவிட்டார்கள். முதலாளி புது மீன் கொடுத்தார். அதுவும் காணாமல் போனது. கை வைக்கிற ஆளே வீட்டில் இல்லை, அப்போதும் மீன் போகிறது. ஒரு குழந்தைக்குக்கூட அப்போது புரிந்திருக்கும். வக்கீல் சட்டம் படித்தவர், அவருக்குப் புரியவில்லை. முதலாளி போனில் அவரிடம் விளக்கியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “மருந்து கல்லுல ஊறியிருக்குங்கய்யா. அவ்வளவு சீக்கிரம் போகாது. முழுத் தண்ணியும் மாத்திரலாம்.” போனை வைத்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டார்.

தண்ணீர் மாற்ற என்னை அனுப்பினார். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மேரி நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. திராட்சை வெட்டப் போகிற பெண்களோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

“அண்ணே, நீங்க ஒரு வார்த்த கேட்டீக. வக்கீல் ஐயா கட்சிக்காரக அம்புட்டுப் பேரு முன்னாடியும் வாசல்ல நிக்க வச்சு, ‘மருந்துக் கையோட அடுப்படிக்கு வர்றியா’ன்னு கேட்டு அனுப்பிட்டாரு. இப்ப ஒரு வீட்லயும் என்னயச் சேக்க மாட்டேங்குறாக. ராவுத்தர் வீட்ல ஒரு விசேசத்துக்குச் சொல்லி வச்சிருந்தாக, அதையும் வேண்டாம்னுட்டாக. பதினெட்டு வருசமா இந்தக் கையால சோறு பொங்கிப் போட்டிருக்கேன். இப்ப என் கையால ஒரு காப்பித்தண்ணி குடிக்க ஆளில்ல.”

லாரி வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் என்று அப்போதே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கோபத்தோடு பஸ் ஸ்டாண்டுக் கடையில் சிவப்புக் கண்ணாடித் தாள் வாங்கினேன். மெடிக்கலில் ஊசி போடுகிற பெரிய சிரிஞ்ச் ஒன்று. சோடாக் கடையில் கோலி சோடா நாலு. கடைக்காரர் உடைக்கப் போனார். “உடைக்காதீக, அப்படியே குடுங்க” என்றேன். “வீட்ல விருந்தாளியா?” என்று கேட்டார். “ஆமா, கடல்ல இருந்து” என்றேன்.

எப்படிப் பிடிப்பது என்று அந்தத் தம்பிக்குச் சொல்வதாக இருந்தேன் அல்லவா, இதுதான். அந்த வருஷங்களில் பகலில் முறை வைத்துக் கரண்டு போகும். இன்வெர்ட்டரில் மோட்டார் மட்டும் ஓடும், தொட்டி விளக்கு எரியாது. பாசி பிடிக்கக் கூடாது என்று அந்த ஹாலில் கனத்த திரை போட்டிருந்தார்கள். கரண்டு போனால் ஹால் கும்மிருட்டாகிவிடும். மேரி பார்த்தது அப்படித்தான். நான் கரண்டு போகிற நேரத்துக்குக் காத்திருந்து, தொட்டியின் மேல் ரெண்டு கம்பளி போர்த்தினேன். டார்ச்சில் சிவப்புத் தாளைக் கட்டினேன். சிவப்பு வெளிச்சம் அந்தப் புழுவுக்குத் தெரியாது. இறால் துண்டு ஒன்றை நூலில் கட்டி ஓட்டை வாயருகே தொங்கவிட்டேன். இருபது நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தது. முதலில் ஐந்து கொம்பு. பிறகு வாய். இறாலைக் கவ்விய வேகத்தில் நூல் என் விரலை அறுத்தது. பத்து வருஷத்துக்கு மேல் மீன் பார்த்தவன், இவ்வளவு பெரிய வாயை நான் பார்த்ததில்லை.

கல் எது என்று உறுதியாகிவிட்டது. மோட்டாரை நிறுத்தி, கல்லை இரண்டு கையாலும் தூக்கி, தொட்டித் தண்ணீர் பாதி நிரப்பிய டப்பில் வைத்தேன், ஓட்டைகள் தண்ணீருக்கு மேல் இருக்கிற மாதிரி. சோடாவை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு ஓட்டையாகப் பீய்ச்சினேன். சோடாவில் இருக்கிற வாயு உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சு முட்டச் செய்யும். முதலில் குட்டி நண்டு மூன்று வந்தன. முடிப்புழு ஒன்று வந்தது. அவற்றைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பினேன். பெரியது நாலு விரல் நீளம் வந்து மறுபடி உள்ளே போனது. இழுக்கக் கூடாது. இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே மாட்டிய துண்டு மறுபடி வளரும். இரண்டாவது சோடா, மூன்றாவது சோடா. பின்பக்கத்து ஓட்டை வழியாகத் தலை வந்தது, உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. டப்பில் விழுந்து சுருண்டபோது இரண்டு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். நிறம் நிறமாக மின்னியது.

முதலாளிக்குப் போன் செய்தேன். “ஓ, புடிச்சிட்டியா? வாய்க்கால்ல ஊத்திட்டு வா. அங்கன யாருக்கும் காட்டாத.” நான் போனை வைத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வக்கீல் வந்தார். டப்பை அவர் காலடியில் கொண்டுபோய் வைத்தேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார், டிரைவரைக் கூப்பிட்டார். செல்போனில் படம் எடுத்தார். “எம்புட்டுப் பெருசு பாத்தியா! நம்ம வீட்லயே இருந்திருக்கு!” என்று நாலு பேருக்குப் போன் பண்ணிச் சொன்னார். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மேரி பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே, “ஐயா, அப்ப அந்தம்மா?” என்றேன்.

“எந்தம்மா?”

“சமையக்காரம்மா.”

“ஓ. அதுக்கு வேற ஆளு வச்சாச்சேப்பா. நான் அதப் பத்தி வெளிய யார்ட்டயும் எதுவும் சொல்லலையே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் வாசலில் நாற்பது பேர் காதுபடச் சொன்னது அவருக்கு ‘வெளிய’ இல்லை. சாப்பாடு பரிமாறியது வேறொரு அம்மா.

புழுவை வாய்க்காலில் ஊற்றவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் தெரிந்தவரிடம், செத்த உடம்பு அழுகாமல் வைக்கிற ஃபார்மலின் வாங்கி, பெரிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினேன். கடைக்குத் திரும்பியதும் முதலாளி உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். “தங்கவேலு, இது வெளிய தெரிஞ்சா போடிக்காரரு, கம்பத்துக்காரரு, பெரியகுளத்துக்காரரு எல்லாம் வந்து நிப்பாக. எல்லாருக்கும் ஒரே பெட்டிக் கல்லு. அந்த நாலு வீட்லயும் கல்ல எறக்குனது யாரு கையி?” என்றார். குரல் ஏறவே இல்லை. எனக்கு அப்போது ரெண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அந்த டீயை அவர் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பன்பட்டிக்குப் போனேன். மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்த நேரம். மேரி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். “இதத்தான் சொன்னேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்குக் காலையில வாங்கண்ணே. என்னய வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் போவோம். நீங்க கேட்டதுதான, நீங்களே சொல்லுங்க” என்றார்.

திங்கட்கிழமை போனோம். முதல் வீட்டில் பின்வாசலில் நின்று நான் சொன்னேன், மீனைத் தின்றது இந்தப் புழு, அந்தம்மா கையில் ஒரு தப்பும் இல்லை என்று. அந்த வீட்டுக்காரம்மா பாட்டிலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அத வக்கீல் வீட்ல சொல்லட்டும்” என்று உள்ளே போய்விட்டார். ராவுத்தர் வீட்டம்மா எங்களை உட்காரச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். “எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. வீட்ல பெரியவுக பயப்படுறாக. இந்த அண்ணன யாருக்குத் தெரியும்? வக்கீல் வாயால ஒரு வார்த்த வரட்டும், நாளைக்கே வந்துரு.”

வெளியே வந்ததும் மேரி வேகமாக நடந்தார். “இப்பவே போவோம்ணே. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்லதான் இருப்பாரு. கட்சிக்காரக எல்லாரும் இருப்பாக. அவுக முன்னாடி நீங்க சொல்லுங்க. அவரால இல்லன்னு சொல்ல முடியாது.”

வக்கீல் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே வரைக்கும் வந்தேன். அங்கிருந்து என் கால் நகரவில்லை. “மேரி, பின்வாசல்ல சொன்னது வேற. இத்தன பேரு முன்னாடி சொன்னா முதலாளி காதுக்கு இன்னைக்கே போயிரும். ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு” என்றேன். என் வாயிலிருந்து அப்படி வந்தது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

பத்தடி ரோடுதான். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. வக்கீல் மேஜை மேல், கேஸ் கட்டுக்கு நடுவில், மேரி பாட்டிலை வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

“ஐயா, உங்க மீனத் தின்னது இது. உங்களுக்குத் தெரியும். போட்டோ எடுத்தீகளாம்.”

வக்கீல் சுற்றிப் பார்த்தார். “உள்ள வாம்மா, பேசுவோம்” என்றார்.

“வேண்டாங்கய்யா. என்னய அனுப்புனது இங்கனதான். இங்கனயே சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஒரு கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தார். மேரி நகரவில்லை. பெஞ்சுக்காரர்களும் நகரவில்லை. வயதான ஒரு கட்சிக்காரர், “என்னங்கய்யா, அந்தப் பிள்ள கேக்குதுல்ல” என்றார். கடைசியில் வக்கீல் கட்டைப் பார்த்துக்கொண்டே, “புழுதான் தின்னுருக்கு. உன் மேல தப்பு இல்ல” என்றார்.

“கேக்கலய்யா.”

“உன் மேல தப்பு இல்லம்மா. தப்பா நெனச்சிட்டோம்” என்றார், இந்தத் தடவை தலையைத் தூக்கி.

அந்த வாரமே ராவுத்தர் வீட்டு விசேஷத்துக்கு மேரிதான் சமைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அந்தக் கடையில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தேன், 2010 வரை. அந்த மூன்று வீட்டுக் கல்லையும் சத்தம் காட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து சோடா பீய்ச்சினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய புழு பிடித்த ஆள் என்று தொழிலில் எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் இப்போதும் தம்பிகள் படம் அனுப்புகிறார்கள்.

அன்றைக்கு மேரி ரோட்டைக் கடந்து திரும்பி வந்தார். டீக்கடையில் அத்தனை பேர் இருந்தார்கள். என் முன்னால் நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்.

“அண்ணே, பாட்டில அங்கனயே மேசையில வச்சுட்டு வந்துட்டேன். உங்களுதுதான, போய் எடுத்துக்கங்க.”

நான் போகவில்லை.